கூண்டும் கடிகாரமும்

சென்னை அசோக் நகரில் காலை எட்டு மணிக்கு ஏதாவது ஓர் அவென்யூவின் முனையில் நின்று பார்த்தால், அந்தப் பேட்டையின் வாழ்க்கை முழுவதும் விளங்கிவிடும். பள்ளிக்கூட வண்டியைப் பிடிக்க ஓடும் குழந்தைகள். அவர்கள் பின்னால் தண்ணீர்ப் புட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடும் தாய்மார்கள். 2015-ஆம் வருஷம் திறக்கப்பட்ட மெட்ரோ நிலையத்தை நோக்கி விரையும் உத்தியோகஸ்தர்கள். பழைய மகாபலிபுரம் சாலையிலுள்ள கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் வண்டிகள். ஒன்பதரை மணிக்கெல்லாம் எத்தனையோ வீடுகளில் பூட்டுத் தொங்கும். அந்தப் பூட்டு மறுபடி திறக்க இரவு எட்டு மணியாகும்.

இத்தகைய வீட்டில் வசிப்பவர்களுக்கு ஓர் ஆசை உண்டாவது சகஜம். "நாய் வளர்க்க அவகாசமில்லை. பூனை அடுத்த வீட்டாருக்குப் பிடிக்காது. ஒரு பறவையாவது வளர்ப்போமே! அதற்கு என்ன பிரமாதமான வேலை இருக்கிறது? ஒரு கைப்பிடி தினை, ஒரு கிண்ணம் தண்ணீர், அவ்வளவுதானே?" என்று வீட்டில் பேச்சு எழும். குழந்தைகள் கைகொட்டுவார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பால்கனியில் ஒரு கூண்டு தொங்கும்.

ஆசையில் குற்றமில்லை. வீட்டில் ஓர் உயிரின் குரல் கேட்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள் நல்ல மனம் படைத்தவர்களே. ஆனால் கூண்டை வாங்குவதற்கு முன் யோசிக்க வேண்டிய விஷயங்கள் சில உண்டு. அவற்றைப் பற்றியே இங்கே சொல்ல உத்தேசம்.

சட்டம் சொல்வது

தமிழர் வீட்டில் பறவை என்றால் முதலில் நினைவுக்கு வருவது கிளிதான். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளின் கையில் தினந்தோறும் இலைகளால் கட்டிய கிளி இருக்கிறது. மதுரையில் மீனாட்சியம்மையின் கையிலும் கிளி. அந்தக் கோயிலில் கிளிக்கூட்டு மண்டபம் என்றே ஒன்று உண்டு. பாட்டி வீட்டுத் திண்ணையில் "அக்கா, அக்கா" என்று கூப்பிட்ட கிளியைப் பற்றிச் சொல்லாத குடும்பம் அபூர்வம்.

எனினும், நம் பச்சைக்கிளியைப் பொறுத்தவரையில் "வளர்க்கலாமா, வேண்டாமா?" என்ற கேள்விக்கே இப்போது இடமில்லை. 1972-ஆம் வருஷத்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கிளி, மைனா முதலிய நம் நாட்டுப் பறவைகளைப் பிடிப்பதும், விற்பதும், கூண்டில் வைத்திருப்பதும் குற்றம். 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்த திருத்தம் இந்தப் பாதுகாப்பை இன்னும் இறுக்கியிருக்கிறது. அதே வருஷம் பிப்ரவரி மாதத்தில், சென்னையில் ஒரு சினிமா நடிகர் வீட்டில் வளர்ந்த இரண்டு அலெக்ஸாண்டிரின் கிளிகளை வனத்துறையினர் எடுத்துச் சென்றார்கள்; அபராதம் இரண்டரை லட்சம் ரூபாய்! "அன்பாகத்தானே வளர்த்தோம்?" என்ற பதில் சட்டத்தின் முன் செல்லாது. செல்லாமலிருப்பதற்குக் காரணமும் உண்டு. கூண்டில் வந்து சேரும் ஒவ்வொரு கிளிக்குஞ்சும் ஏதோ ஒரு மரப்பொந்திலிருந்து திருடப்பட்டது. வரும் வழியிலேயே மாண்டு போன அதன் கூடப்பிறந்தவை நம் கண்ணில் படுவதில்லை.

ஏற்கெனவே வீட்டில் கிளி இருந்தால், பயந்துபோய் ஜன்னலைத் திறந்து விட்டுவிடுவதும் சரியல்ல. கூண்டிலேயே வளர்ந்த பறவைக்கு இரை தேடவோ, பருந்துக்கும் காக்கைக்கும் தப்பவோ தெரியாது. அதை வனத்துறையினரிடம் ஒப்படைப்பதே முறை.

கடைகளில் சட்டத்துக்கு உட்பட்டு விற்கப்படுபவை அயல்நாட்டுப் பறவைகள். சென்னையில் "லவ் பேர்ட்ஸ்" என்று சொல்லி வாங்கி வருகிறோமே, அந்தச் சிறு பறவைக்கு உண்மைப் பெயர் பட்ஜெரிகர். ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டில் ஆயிரக்கணக்காகக் கூட்டம் கூடிப் பறப்பது. ஜான் கூல்டு என்பவர் 1840-இல் அதை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோன பிறகு உலகமெங்கும் பரவிற்று. தலையில் கொண்டையுள்ள காக்டெயிலும் அந்தத் தேசத்துப் பறவைதான். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, மக்காவ் போன்றவற்றை வைத்திருப்போர், 2024-இல் மத்திய அரசாங்கம் பிறப்பித்த விதிகளின்படி 'பரிவேஷ்' இணையத்தளத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். கடைக்காரரின் வாய்வார்த்தை இதற்குப் போதாது.

பறவையின் நாள்

சட்டத்தின் விஷயம் இப்படி முடிந்தது. இனி, வேலை மிகுந்தவருக்கு உரிய விஷயத்துக்கு வருவோம்.

பறவையின் கடிகாரம் சூரியன். நம் ஊரில் காலை ஆறு மணி சுமாருக்கு அது விழிக்கிறது. மாலை ஆறு ஆறரைக்கு அதன் நாள் முடிந்துவிடுகிறது. அதன் பிறகு பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் இருட்டும் அமைதியும் அதற்கு அவசியம். அசோக் நகர் உத்தியோகஸ்தரின் வீட்டு வாழ்க்கையோ இரவு எட்டு மணிக்குத்தான் ஆரம்பமாகிறது. விளக்கு எரிகிறது, டெலிவிஷன் முழங்குகிறது, "என் கண்ணு, சாப்பிட்டாயா?" என்று கூண்டருகே வந்து கொஞ்சுகிறார்கள். தூங்க வேண்டிய பறவை விழித்துக்கொண்டு படபடக்கிறது. பகலில் அது விளையாடத் தயாராயிருந்த பத்து மணி நேரமும் வீடு பூட்டிக் கிடந்தது. எஜமானருடைய அன்பு உண்மையானதுதான். ஆனால் அது வந்து சேருகிற வேளையில் பறவைக்கு அதனால் பயனில்லை.

இவையெல்லாம் கூட்டமாக வாழப் பிறந்த ஜீவன்கள். கிளி இனத்துப் பறவை பகல் முழுவதும் தனியே கிடந்தால் ஓயாமல் கத்தும். அல்லது அடியோடு மௌனமாகிவிடும். சில தன் இறகைத் தானே பிடுங்கிப் போட்டு மார்பை மொட்டையாக்கிக்கொள்ளும். "அதற்காகத்தான் ஜோடியாக வாங்குகிறோம்" என்பார்கள். மெய்தான். பட்ஜெரிகர் இரண்டு சேர்ந்திருந்தால் ஒன்றுக்கொன்று துணையாகும். ஆனால் அப்போது அவை நம்மை அதிகம் நாடமாட்டா. தோளில் வந்து உட்காரும், பேசும் என்ற கனவைக் குறைத்துக்கொள்ள வேண்டும். அவை தம்பாட்டில் சந்தோஷமாயிருப்பதைப் பார்த்து மகிழ்கிற மனம் இருந்தால் ஜோடி நல்லது.

ஜோடியானாலும் வேலை குறைவதில்லை. தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும். கூண்டின் அடித்தட்டைத் தினமும் துடைக்க வேண்டும். தினை மட்டும் போட்டால் உடம்பு கெடும். முருங்கைக்கீரை, கொத்தமல்லி, காரட் ஆகியவையும் வேண்டும். அழகுக்காகச் செய்த வட்டக் கூண்டு உதவாது. இங்கிருந்து அங்கே பறந்து போய் உட்காரும்படி இரண்டரை, மூன்று அடி நீளமாவது இருக்க வேண்டும். உட்காருவதற்கு வேப்பங்கொம்போ கொய்யாக் கொம்போ வைக்கலாம். மண்கலயம் கட்டித் தொங்கவிட்டால் அவை முட்டையிட ஆரம்பிக்கும். இரண்டு பறவை விரைவில் பத்தாகிவிடும். இதையும் யோசித்துக்கொள்வது நலம்.

நம் வீடுகளில் பறவைக்கு ஆபத்து எங்கிருந்து வருமென்று சொல்ல முடியாது. ஒட்டாத பூச்சுள்ள தோசைக்கல்லை வெறுமே அடுப்பில் விட்டுக் காய்ந்துபோனால், அதிலிருந்து கிளம்பும் புகை மனிதருக்குத் தெரிவதற்கு முன்பே பறவையைக் கொன்றுவிடும். கொசுவர்த்தி, சாம்பிராணி, ஊதுவத்திப் புகையும் அதற்கு ஆகாது. அக்கினி நட்சத்திரத்தில் பால்கனிக் கூண்டு உலையாகக் கொதிக்கும். தீபாவளி வெடிச் சத்தத்தில் அது கம்பியில் மோதிக்கொள்ளும். இவற்றையெல்லாம்விட முக்கியமான ஒன்று: பறவை தன் நோயை மறைத்து வைக்கும். காட்டில் பலவீனத்தைக் காட்டிய பறவையை வேட்டைப் பிராணி கொண்டுபோய்விடும் அல்லவா? ஆகையால் அது இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒடுங்கி உட்காருகிறதென்றால், நோய் முற்றிவிட்டது என்று அர்த்தம். தினந்தோறும் பகல் வெளிச்சத்தில் உற்றுப் பார்க்கிற ஒருவர் இருந்தால்தான் முன்கூட்டியே வித்தியாசம் தெரியும்.

இருபது வருஷக் கணக்கு

பட்ஜெரிகர் 5 முதல் 10 வருஷம் வாழும். காக்டெயில் 15 முதல் 20 வருஷம். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி 40 வருஷத்துக்கு மேலும் இருக்கும். பரீட்சையில் தேறியதற்குப் பரிசாகப் பத்து வயதுப் பையனுக்கு வாங்கித் தந்த காக்டெயில், அவன் கல்யாண வயதிலும் வீட்டில் இருக்கக்கூடும். பையன் அப்போது பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருப்பான். கூண்டைத் துடைப்பவர் யார்? பெரும்பாலும் தாயார்தான். ஆகவே குழந்தைக்கென்று பறவை வாங்குகிறவர்கள், வீட்டிலுள்ள பெரியவர் ஒருவர் அதைத் தம்முடையதாக ஏற்றுக்கொள்கிறாரா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். வீட்டுக் காரியம் போதாதென்று அவர் தலையில் இன்னொரு காரியத்தைச் சுமத்துவது பறவைக்கும் நல்லதல்ல, அவருக்கும் நல்லதல்ல.

இதற்கு மாறான குடும்பங்களும் உண்டு. பிள்ளையும் மாட்டுப்பெண்ணும் வேலைக்குப் போன பிறகு, பென்ஷன் வாங்கும் தகப்பனார் பகலெல்லாம் தனியே இருக்கிறார். அவருக்கே விருப்பமிருந்தால், ஒரு ஜோடிப் பறவை அவருக்கும் துணை, அவரும் அவற்றுக்குத் துணை. வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவருக்கும் இது பொருந்தும். வேலை மிகுதி என்பது மட்டும் தடையல்ல. பறவை விழித்திருக்கும் பொழுதில் வீட்டில் ஒருவர் விழித்திருக்கிறாரா என்பதே கேள்வி. "ஆம்" என்றால் வளர்க்கலாம். "இல்லை" என்றால், எவ்வளவு பிரியமிருந்தாலும் வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம்.

கூண்டில்லாத வழி

அப்படியானால் காலை எட்டு மணிக்கு ஓடுகிறவர்களுக்குப் பறவையின் உறவே கிடையாதா? கூண்டில்லாமலே அந்த உறவைப் பெற்றவர்கள் சென்னையிலேயே உண்டு. இராயப்பேட்டையில் காமிரா பழுது பார்த்துவந்த அன்பர் ஒருவர், 2004 டிசம்பர் சுனாமிக்குப் பின் தம் மொட்டைமாடிக்கு வந்த இரண்டு கிளிகளுக்கு அரிசி வைக்க ஆரம்பித்தார். நாளடைவில் பலகைகளில் ஊறிய அரிசியைப் பரப்பிவைத்து அவர் காத்திருக்க, ஆயிரக்கணக்கான பச்சைக்கிளிகள் வந்து இறங்கின. அவர் ஒரு கிளியையும் பிடித்து அடைக்கவில்லை. தம் தொழிலையும் விடவில்லை.

எல்லோரும் ஆயிரம் கிளிக்கு அமுது படைக்க வேண்டியதில்லை. அசோக் நகரின் தெருமரங்களிலும் தோட்டங்களிலும் கிளியும், மைனாவும், குயிலும், தேன்சிட்டும், கொண்டைக் குருவியும் இருக்கின்றன. கோடையில் அவற்றுக்கு வேண்டியது தண்ணீர். மாடியில் நிழலான இடத்தில் அகன்ற மண்சட்டி ஒன்றை வைத்துத் தினமும் கழுவிப் புதுத் தண்ணீர் ஊற்றினால் போதும். கழுவாமல் விட்டால் கொசு முட்டையிடும். மாநகராட்சிக்காரர்கள் கோபித்துக்கொள்வதில் நியாயமுண்டு. புறாக்கள் மொய்க்கும் அடுக்குமாடி வீடுகளில் தானியம் இறைக்காமலிருப்பது நல்லது. புறா எச்சத்தின் தூசி சிலருடைய நுரையீரலுக்கு ஆகாது.

பறவை வளர்த்தே தீர வேண்டும் என்று நினைக்கும் நேயர்களுக்கும் இந்த மண்சட்டியையே நான் சிபாரிசு செய்வேன். கூண்டு வாங்குமுன் ஒரு மாதம் இதைச் செய்து பாருங்கள். தினமும் காலை ஆறு மணிக்கு எழுந்து, சட்டியைக் கழுவி, தண்ணீர் ஊற்றி, அரைமணி நேரம் அங்கேயே இருங்கள். மழை பெய்தாலும், ஊரிலிருந்து உறவினர் வந்தாலும், முதல் நாள் இரவு வேலை நீண்டு போனாலும் தவறக் கூடாது. வெளியூர் போனால் ஒருவரிடம் ஒப்புவித்துப் போங்கள். முப்பது நாளில் ஒரு நாளும் தவறாதவர் பறவை வளர்க்கத் தகுந்தவர். தாராளமாகக் கடைக்குப் போகலாம். நாலாவது நாளே தூங்கிப்போனவர் வருந்த வேண்டாம். அவரால் எந்தப் பறவைக்கும் துன்பம் நேரவில்லை. அது அடுத்த வீட்டுச் சட்டியில் தண்ணீர் குடித்துவிட்டுப் போயிருக்கும்.