பசித்தும் பூனை ஏன் தட்டை விட்டு ஓடுகிறது?

மீன் வாசனைக்கு ஓடி வரும். ஒரு வாய் கவ்வியதும் சீறிக்கொண்டு பின்வாங்கும். கடைவாயில் எச்சில் ஒழுகும். நக்கிச் சுத்தம் செய்ய முடியாமல் ரோமம் சடை பிடிக்கும். கொல்லிமலையில் எலிக்காக வளர்க்கும் பூனை இப்படி இருந்தால், வயதாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். ஈறு வெந்து புண்ணாகியிருக்கலாம்.

பல்லில் படியும் கிருமிப் படலத்தை எதிர்க்கப் போன நோய் எதிர்ப்பு சக்தி, அளவு மீறி ஈறையே தாக்குகிறது. இத்தகைய பல பூனைகளிடம் கலிசிவைரஸும் காணப்படுகிறது. ஆன்டிபயாடிக் கொடுத்தால் சில நாள் அடங்கும்; படலம் சேரச் சேரத் திரும்பிவிடும். அதனால்தான் முற்றிய நிலையில் கடைவாய்ப் பற்களை, சில சமயம் 30 பற்களையுமே, மயக்க மருந்து கொடுத்து எடுக்கிறார்கள். கேட்கக் கொடுமைதான். ஆனால் பெரும்பாலான பூனைகள் அதன்பின் வலி குறைந்து, பல்லில்லாமலே நன்றாகச் சாப்பிடுகின்றன.

மருத்துவரிடம் காட்டும்வரை முள் நீக்கிய மீனைச் சோற்றோடு குழைத்து, வெதுவெதுப்பாக வையுங்கள். வலிக்கிறதே என்று பாராசிட்டமால் மட்டும் கொடுக்கவே வேண்டாம். அதன் நஞ்சை முறிக்கும் நொதி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. ஒரே மாத்திரை உயிரைப் பறிக்கலாம். 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்க வேண்டியிருந்தாலும், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒருமுறை காட்டிவிடுங்கள்.