செம்மண் பாதைக்கு ஆஃப்-ரோடு எலக்ட்ரிக் ஸ்கூட்டர்: வாங்கலாமா?

ஆரோவில்ல வேலை பார்க்கிற நம்ம நேயர் ஒருத்தர் கேட்டிருந்தார்: “ஆடிட்டர் சார், நின்னுக்கிட்டே ஓட்டுற ஸ்கூட்டர். ரெண்டு மோட்டார், 60 கி.மீ. வேகம், விலை ஒண்ணேகால் லட்சம். வாங்கலாமா?”

முதல்ல ஓட்டுற செலவு. 60 வோல்ட், 30 ஆம்பியர்-ஹவர் பேட்டரின்னா 1,800 வாட்-ஹவர். சார்ஜர் இழப்போட சேர்த்து ஃபுல் சார்ஜுக்குச் சுமார் 2 யூனிட். யூனிட் 8 ரூபாய்னு வெச்சாலும் 16 ரூபாய்தான். இதுல கவலை இல்லை.

கவலை ஆர்.சி.யிலதான். மோட்டார் 250 வாட்டையோ, வேகம் 25 கி.மீ.யையோ தாண்டினா சட்டப்படி அது மோட்டார் வாகனம். டைப் அப்ரூவல் இல்லாத மாடலுக்கு ஆர்.சி. கிடைக்காது. ஆர்.சி. இல்லைன்னா இன்ஷூரன்ஸும் கிடையாது. ஆனா மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 146 படி, பொது இடத்துல ஓட்ட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம்.

“மண் பாதைதானே சார்?”னு கேட்பீங்க. பொதுமக்கள் போக உரிமை உள்ள மண் பாதையும் பொது இடம்தான். யாரையாவது இடிச்சுட்டா, நஷ்டஈடு முழுக்க உங்க கையிலிருந்துதான். அது ஒண்ணேகால் லட்சத்தோட நிக்காது.

இன்னொண்ணு, மரக்காணம் உப்பளம் பக்கம் அடிக்கடி போறீங்களா? ஐபி67 சோதனை சாதாரண தண்ணியில செய்றது. உப்புக் காத்துக்கு அது உத்தரவாதம் இல்லை. வாரன்டியில துருவுக்கு விலக்கு இருக்கான்னு படிங்க.

என் முடிவு: வேலி போட்ட சொந்தத் தோப்புக்குள்ள ஓட்ட, கடன் வாங்காம முடிஞ்சா வாங்குங்க. கேட் தாண்டணும்னா, ஆர்.சி. கிடைக்கிற வண்டியைப் பாருங்க. அட்வான்ஸ் கொடுக்கும் முன்னாடி கடைக்காரர்கிட்ட ஒரே கேள்வி: “டைப் அப்ரூவல் சர்டிபிகேட் காட்டுங்க.”