விளக்கு நிற்கிறது, கை அசைகிறது

நின்டெண்டோவின் ‘வீ’ விளையாட்டுப் பெட்டி 2006 நவம்பரில் அமெரிக்காவிலும், டிசம்பரில் ஜப்பானிலும் கடைக்கு வந்தது. வாங்கியவர்கள் முதல் வேலையாக எழுந்து நின்றார்கள். அதுவரை வீடியோ கேம் என்றால் பெரும்பாலும் உட்கார்ந்த இடத்தில் இரண்டு கட்டைவிரல்களால் பொத்தான்களை அழுத்துவதுதான். இதிலோ டிவி ரிமோட் போல ஒரு வெள்ளைக் குச்சி மட்டும். அதை மட்டையாக நினைத்து வீசினால் திரையில் இருக்கும் ஆளும் டென்னிஸ் பந்தை அடிப்பான். எந்தப் பொத்தான் எதற்கு என்று மனப்பாடம் செய்யத் தேவையில்லை என்பதால் பேரப்பிள்ளைகளோடு பாட்டிகளும் ஆடினார்கள். வீசிய வேகத்தில் மணிக்கட்டு வார் அறுந்து ரிமோட் பறந்த வீடுகளும் உண்டு. அந்த டிசம்பரிலேயே தடிமனான வார்களை மாற்றித் தர நின்டெண்டோ முன்வந்தது. கடைசிக் கணக்கில் பத்துக் கோடிக்கும் மேல் விற்ற பெட்டி அது.

கொஞ்ச நாள் ஆடியவர்கள் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். டென்னிஸுக்கு முழுக் கையையும் வீச வேண்டியதில்லை. சோபாவில் சாய்ந்தபடி மணிக்கட்டை ஒரு சொடுக்குச் சொடுக்கினாலும் பந்து போகிறது. பலர் இதை ஏமாற்று வேலை என்றார்கள். எனக்கு அந்தப் பெட்டியில் மிகவும் பிடித்த இடமே இதுதான். அந்தக் குச்சிக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பது இங்கேதான் வெளிப்படுகிறது.

குச்சிக்குள் 4 மில்லிமீட்டர் சதுரத்தில் ஒரு சில்லு இருக்கிறது, முடுக்கமானி. அதற்குள் சிலிக்கனில் செதுக்கிய மிகச் சிறிய எடை ஒன்று நுண்ணிய வில்களில் தொங்குகிறது. குச்சியைச் சட்டென்று முன்னால் தள்ளினால் அந்த எடை ஒரு கணம் பின்தங்கும். டிரைவர் வண்டியை எடுத்ததும் பேருந்தில் நிற்கிறவர் பின்னால் சாய்வாரே, அதுபோலத்தான். எடை நகரும்போது அதை ஒட்டியிருக்கும் தகடுகளுக்கிடையே உள்ள மின்தேக்கம் மாறும். அந்த மாற்றத்தை அளந்துதான் ‘கை வீசிவிட்டது’ என்று பெட்டி முடிவு செய்கிறது. இதே வகைச் சில்லுகள் இதற்கு முன்பே கார்களில் புகுந்திருந்தன. மோதலை உணர்ந்து காற்றுப்பையை விரிக்கச் சொல்வது அவற்றின் வேலை.

இந்தச் சில்லுக்கு விநோதமான ஒரு குணம் உண்டு. குச்சி மேசைமேல் அசையாமல் கிடந்தாலும் அது சுழியம் காட்டாது. புவியீர்ப்பின் முழு அளவையும் காட்டும். கீழ்நோக்கி இழுபடும் எடையை வில்கள் தாங்கிப் பிடித்திருப்பதுதான் காரணம். மேலே தூக்கிப் போட்டால் காற்றில் இருக்கும் அந்தச் சில கணங்களில்தான் ஏறக்குறைய சுழியத்துக்கு வரும். ஆகவே எது கீழ், எவ்வளவு சாய்வு என்பது அதற்கு நன்றாகத் தெரியும். எங்கே இருக்கிறோம் என்பதுதான் தெரியாது. முடுக்கத்திலிருந்து வேகத்தையும், வேகத்திலிருந்து தூரத்தையும் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கலாமே என்று தோன்றும். ஆனால் சாய்வை அரை டிகிரி தவறாகக் கணித்தால் போதும், பத்து விநாடியில் கை நாலு மீட்டர் தள்ளி நிற்பதாகக் கணக்கு சொல்லும். அதனால்தான் அந்த டென்னிஸ் ஆட்டம் கை போன வழியைத் தேடவில்லை. சொடுக்கிய நேரத்தையும் வேகத்தையும் எடுத்துக்கொண்டு மீதியைத் தானே வரைந்துகொண்டது.

இதே சிக்கலை நம் காது பல கோடி ஆண்டுகளாகச் சமாளித்து வருகிறது. போடியிலிருந்து போடிமெட்டு ஏறி மூணாறு போகிறவர்களுக்கும், லோயர் கேம்ப் தாண்டிக் குமுளி ஏறுகிறவர்களுக்கும் அந்த வளைவுகளில் வயிறு புரட்டும். உள்காதில் இரண்டு சிறு பைகள் இருக்கின்றன. அவற்றில் பசை போன்ற ஒரு படலத்தின்மேல் கால்சியம் கார்பனேட் துகள்கள் பதிந்திருக்கின்றன. தலை சாய்ந்தாலோ வண்டி சட்டென்று வேகமெடுத்தாலோ துகள்கள் பின்தங்கி, அடியில் உள்ள நுண்மயிர்களை வளைக்கும். சிலிக்கன் எடை செய்யும் வேலையை அப்படியே கல்துகள்கள் செய்கின்றன. சாய்வையும் முடுக்கத்தையும் அவற்றாலும் தனியாகப் பிரித்தறிய முடியாது. அந்தக் குறையை நிரப்ப, பக்கத்திலேயே திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழாய்கள், ஒன்றுக்கொன்று ஏறக்குறையச் செங்குத்தாக. தலை எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதை அவை சொல்லும். கொண்டை ஊசி வளைவில் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் ‘அசைவே இல்லை’ என்று கண் சொல்லும், ‘சுழல்கிறோம்’ என்று குழாய்கள் சொல்லும். இந்தப் பிணக்கில் அகப்பட்ட மூளைதான் குமட்டலை உண்டாக்குகிறது. முன் இருக்கையில் உட்கார்ந்து சாலையைப் பார்த்தால் குறைவதற்கும் அதுவே காரணம்.

வீ குச்சிக்கு 2006-ல் அந்தக் குழாய்கள் இல்லை. தரைக்கு இணையாகப் பிடித்து இடம் வலமாக மெல்லத் திருப்பினால், புவியீர்ப்பின் திசை மாறாததால், முடுக்கமானிக்கு ஒன்றுமே தெரியாது. 2009-ல் ‘மோஷன் பிளஸ்’ என்ற சிறு துணைக்கருவியைக் குச்சியின் அடியில் மாட்டும்படி கொடுத்தார்கள். அதற்குள் இருந்தது சுழற்சிமானி. இடைவிடாமல் அதிரும் நுண்ணிய சிலிக்கன் துண்டு, குச்சி திரும்பும்போது தன் அதிர்வுத் திசையிலிருந்து பக்கவாட்டில் விலகும். அந்த விலகலை அளக்கிறார்கள். காதின் இரண்டாவது கருவியும் சேர்ந்ததும் ஆட்டத்தில் வாள் நிஜமாகவே கையோடு திரும்பியது.

திரையில் ஒரு புள்ளியைக் குறிபார்ப்பது வேறு வித்தை. டிவியின் மேலோ கீழோ ஒரு கறுப்புப் பட்டையை வைக்க வேண்டும். அதுதான் நம்மைக் கவனிக்கிறது என்று எல்லோரும் நம்பினார்கள். அது எதையும் கவனிக்கவில்லை. அதன் இரு முனைகளிலும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி தரும் சிறு விளக்குகள் உள்ளன, அவ்வளவுதான். பார்க்கும் கேமரா நம் கையில், குச்சியின் மூக்கில் இருக்கிறது. தனக்குத் தெரியும் இரண்டு ஒளிப்புள்ளிகளை வைத்து அது எல்லாவற்றையும் ஊகிக்கிறது. புள்ளிகள் இடப்பக்கம் ஒதுங்கினால் கை வலப்பக்கம் திரும்பியிருக்கிறது. நெருங்கினால் நாம் பின்னால் போயிருக்கிறோம். விலகினால் முன்னே வந்திருக்கிறோம். பட்டை பழுதானவர்கள் இரண்டு மெழுகுவத்திகளை ஏற்றி வைத்து ஆடினார்கள். சுடரிலும் அகச்சிவப்பு ஒளி இருப்பதால் கேமராவுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

இந்த மெழுகுவத்திகளைப் பற்றிப் படித்தபோது என் மனம் நேராகப் பாலக்காட்டுக்குப் போனது. பாரதப்புழையை ஒட்டிய பகவதி கோயில்களில் தோல்பாவைக்கூத்துக்கென்றே கட்டிய கூத்துமாடங்கள் இருக்கின்றன. நீளமான வெள்ளைத் திரை. பின்னால் தேங்காய் மூடிகளில் எண்ணெய் ஊற்றி வரிசையாக ஏற்றிய 21 விளக்குகள். ஆட்டுகிறவர்களைப் புலவர் என்று அழைக்கிறார்கள். அவர்கள் பாடுவது கம்பராமாயணம், அதுவும் தமிழிலேயே. மலையாள நாட்டின் கோயில் மாடங்களில் இரவு முழுக்கக் கம்பன் ஒலிக்கிறான் என்பது ஒவ்வொரு தமிழ் வாசகரும் அறிந்து மகிழ வேண்டிய செய்தி. அங்கேயும் விளக்கு நிற்கிறது, கை அசைகிறது. பாவையைத் துணியோடு ஒட்டிப் பிடித்தால் நிழலின் விளிம்பு கூர்மையாக இருக்கும். சற்று விளக்குப் பக்கம் இழுத்தால் ஒவ்வொரு விளக்கும் தன் பங்குக்கு ஒரு நிழல் போட, உருவம் பெருத்துக் கலைந்து பலவாகும். தூரத்துக்கும் அளவுக்கும் உள்ள அந்த உறவு, குச்சியின் கேமரா போடும் கணக்கேதான். கேமரா எண்களில் போடுகிறது. புலவர் கைப்பழக்கத்தில் போடுகிறார்.

ஷொர்ணூர் அருகே கூனத்தறையைச் சேர்ந்த ராமச்சந்திர புலவருக்கு 2021-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அதே ஆண்டு அவர் மகன் ராஜீவ் புலவரோடு சேர்ந்து திருச்சூரின் இங்கர் ரோபோட்டிக்ஸ் நிறுவனம் பாவைகளை மோட்டார்களால் ஆட்டிக் காட்டியது. வீ குச்சி கையசைவை எண்ணாக்கியது என்றால், இங்கே எண்கள் கையசைவாகின்றன. இரண்டும் ஒரே பாதையின் போக்கும் வரவும். அருங்காட்சியகங்களுக்கு வரும் பிள்ளைகளுக்குக் கூத்தை அறிமுகப்படுத்த அது நல்ல வழி. இரவு முழுதும் பாட்டுக்கும் பொருளுக்கும் ஏற்ப ஆட்டுவது மனிதக் கைகளின் வேலையாகவே இருக்கும் என்று நினைக்கிறேன்.

கையில் குச்சியே வேண்டாம் என்று 2010 நவம்பரில் மைக்ரோசாப்டின் கினெக்ட் வந்தது. அகச்சிவப்புப் புள்ளிகளை அறை முழுக்கத் தெளித்து, அவை உடல்மேல் விழுந்து விலகும் விதத்திலிருந்து ஆளின் உருவத்தை அறிந்தது. வித்தை பெரிதுதான். ஆனாலும் பிடிக்க ஒன்றும் இல்லாத கைக்கு, அடித்தோம் என்ற உணர்வு முழுதாக வருவதில்லை.

அகச்சிவப்பு ஒளியை வீட்டிலேயே பார்க்கலாம். டிவி ரிமோட்டின் முனையைச் செல்போனின் முன்பக்கக் கேமராவுக்கு நேரே பிடித்துப் பொத்தானை அழுத்துங்கள். வெறும் கண்ணுக்கு இருட்டாக இருக்கும் முனை, பல போன்களின் திரையில் வெளிர் ஊதாவாக மின்னும். பின்பக்கக் கேமராவில் பெரும்பாலும் தெரியாது. அகச்சிவப்பை நன்றாகவே தடுக்கும் வடிகட்டி அதில் இருக்கும். வீ குச்சியின் கேமராவுக்கு முன்னால் இருந்த கறுப்புப் பிளாஸ்டிக் துண்டு இதற்கு நேர்மாறு: மற்ற ஒளியையெல்லாம் நிறுத்திவிட்டு அகச்சிவப்பை மட்டும் உள்ளே விட்டது.