கசகசா அளவு உண்ணி... அலட்சியம் வேண்டாம்!

குருமாவுக்கு அரைக்கிறோமே கசகசா, அதில் ஒரே ஒரு மணியை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் புல்லிலும் சருகிலும் இருக்கும் இளம் உண்ணி ஏறக்குறைய அந்த அளவுதான். குழந்தையின் தலைமுடிக்குள், அக்குளில், முழங்காலுக்குப் பின்னால் என்று எங்காவது ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும். பெரும்பாலும் வலியே தெரியாது. அது கொண்டுவரக்கூடிய வியாதிதான் லைம் நோய்.

"அமெரிக்கா வியாதி நமக்கு எதுக்கு டாக்டர்?" என்று கேட்பீர்கள். நியூஜெர்சி, கனெக்டிகட், பென்சில்வேனியா, மாசசூசெட்ஸ் என்று மகனோ மகளோ குடும்பத்தோடு இருக்கும் வீடுகள் நம்மில் எத்தனை! இந்த இளம் உண்ணிகள் அதிகம் கடிப்பது மே முதல் ஜூலை வரை. பேரன் பேத்திகள் லீவுக்கு நம்ம வீட்டுக்கு வருவதும் அதே சமயத்தில்தான். கடி அங்கே, அறிகுறி இங்கே என்று ஆகிவிடலாம். அதனால்தான் தாத்தா பாட்டிகளும் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

பெயர் வந்த கதை

1975-ல் கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்ற ஊரிலும் அக்கம்பக்கத்திலும் பல குழந்தைகளுக்கு முழங்கால் வீங்கியது. சிறுவர்களுக்கு வரும் மூட்டுவாதம் என்றுதான் முதலில் நினைத்தார்கள். 'பக்கத்துப் பக்கத்து வீட்டில் இத்தனை குழந்தைகளுக்கா?' என்று சந்தேகப்பட்டு விடாமல் கேட்டவர்கள் தாய்மார்கள். யேல் பல்கலைக்கழக டாக்டர் ஆலன் ஸ்டீர் இதை ஆராய்ந்தார். பிறகு 1980-களின் தொடக்கத்தில் வில்லி பர்க்டார்ஃபர் என்ற விஞ்ஞானி, உண்ணியின் குடலில் சுருள் வடிவ பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார். நோய்க்குக் காரணம் பாக்டீரியா என்று தெரிந்ததும், ஆன்டிபயாடிக் மருந்துக்கு இது ஏன் கட்டுப்படுகிறது என்பதும் விளங்கியது.

படர்தாமரை என்று ஏமாறாதீர்கள்

கடித்த 3 நாள் முதல் 30 நாளுக்குள், கடித்த இடத்தில் ஒரு சிவந்த தடிப்பு தோன்றும். நாளுக்கு நாள் வட்டமாகப் பரவி, 5 சென்டிமீட்டருக்கு மேலேயும் போகும். சில சமயம் நடுவில் வெளுத்து வளையம் மாதிரி தெரியும். லைம் நோய் வந்தவர்களில் 100-க்கு 70 முதல் 80 பேருக்கு இந்தத் தடிப்பு வரும். காய்ச்சல், தலைவலி, அசதி கூடவே இருக்கலாம்.

இதைப் பார்த்ததும் நம்ம வீட்டுப் பெரியவர்களுக்கு என்ன தோன்றும்? படர்தாமரை! சீமை அகத்தி இலையை அரைத்துப் போட்டுவிடுவார்கள். படர்தாமரை அரிக்கும், ஓரத்தில் செதில் உதிரும். லைம் தடிப்பு பெரும்பாலும் அரிக்காது, வலிக்காது, வேகமாகப் பெரிதாகும். பூச்சு போட்டாலும் போடாவிட்டாலும் அது தானாக மறைந்துவிடும். 'குணமாயிடுச்சு' என்று நாம் நினைப்போம். கிருமியோ உடம்புக்குள் இறங்கியிருக்கும். வாரங்களோ மாதங்களோ கழித்து முகம் ஒரு பக்கம் கோணலாம், முழங்கால் வீங்கலாம், இதயத் துடிப்பு தடுமாறி மயக்கம் வரலாம்.

ஆகவே தடிப்பைப் பார்த்தால் டாக்டரிடம் போய், முதல் வார்த்தையாக 'குழந்தை அமெரிக்காவில் இந்த ஊரிலிருந்து வந்திருக்கிறது' என்று சொல்லுங்கள். நம் ஊர் டாக்டர்கள் தினம் பார்க்கும் வியாதி இல்லை இது. நீங்கள் சொன்னால்தான் அவருக்கு நினைவு வரும். ஆரம்ப வாரங்களில் ரத்தப் பரிசோதனையில் தெரியாமலும் போகலாம். தடிப்பு தெளிவாக இருந்தால் பரிசோதனைக்குக் காத்திராமலே மருந்து தொடங்கிவிடுவார்கள். அதுதான் சரி.

என்ன மருந்து? எத்தனை நாள்?

தடிப்பு நிலையிலேயே பிடித்துவிட்டால் வாய்வழி மருந்தே போதும். டாக்சிசைக்ளின் என்றால் 10 நாள். அமாக்சிசிலின் அல்லது செஃபுராக்சிம் என்றால் 14 நாள். அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது. அண்ணனுக்குக் கொடுத்ததைத் தம்பிக்கும் கொடுக்கக் கூடாது.

முகவாதம் வந்துவிட்டால் 14 முதல் 21 நாள், மூட்டு வீங்கிவிட்டால் 28 நாள் மருந்து தேவைப்படும். இதயம் கடுமையாகப் பாதிக்கப்பட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்து, நரம்பு ஊசி வழியாக செஃப்ட்ரியாக்சோன் தருவார்கள். தாமதிக்கத் தாமதிக்க வைத்தியமும் நீள்கிறது, பார்த்தீர்களா?

'டாக்சிசைக்ளின் பல்லைக் கறையாக்குமாமே?' என்பது பல தாய்மார்களின் பயம். அந்த வகையைச் சேர்ந்த பழைய மருந்துகளால் 8 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அப்படி ஆனதுண்டு. டாக்சிசைக்ளினை 21 நாள் வரை எந்த வயதுக் குழந்தைக்கும் தரலாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2018-ல் சொல்லிவிட்டது. நிறையத் தண்ணீரோடு கொடுங்கள். விழுங்கியதும் படுக்க விடாதீர்கள். வெயில் பட்டால் தோல் சிவக்கும் என்பதால் முழுக்கைச் சட்டை போடுங்கள்.

மருந்து தொடங்கிய முதல் நாளில் சில குழந்தைகளுக்குக் காய்ச்சல் கூடும். கிருமிகள் அழிவதால் வருவது அது. டாக்டரிடம் சொல்லுங்கள், ஆனால் நீங்களாக மருந்தை நிறுத்தாதீர்கள். தடிப்பு மறைந்தாலும், சொன்ன நாள்வரை கொடுத்தே ஆக வேண்டும். மருந்து முடிந்த பிறகும் சில வாரம் அசதியும் மூட்டு வலியும் நீடிக்கலாம். அதற்காக மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் கொடுப்பதால் பலனில்லை. பக்கவிளைவுதான் மிஞ்சும்.

சித்த மருந்து போதாதா?

சித்த மருத்துவனான என்னிடம் இதைத்தான் கேட்கிறார்கள். பூச்சிக்கடி விஷத்துக்கு நம்மிடம் மருந்துகள் உண்டுதான். ஆனால் இங்கே பிரச்சினை விஷம் இல்லை. ரத்தத்தில் கலந்து பரவும் கிருமி. நிலவேம்புக் குடிநீரோ, முகவாதத்துக்குத் தேய்க்கும் தைலமோ அந்தக் கிருமியை ஒழிக்காது. குழந்தை விஷயத்தில் பரீட்சை வேண்டாம்.

இன்னொன்று. சங்கு பற்பத்தில் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, அன்னபேதிச் செந்தூரத்தில் இரும்பு இருக்கிறது. இவை டாக்சிசைக்ளினோடு சேர்ந்தால் மருந்து உடம்பில் சரியாக ஏறாது. கால்சியம், இரும்பு டானிக்குகளும் அப்படியே. மருந்து முடியும்வரை இவற்றைத் தள்ளிப் போடுங்கள். டாக்டர் அவசியம் என்று சொன்னால், எவ்வளவு நேர இடைவெளி விட வேண்டும் என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

உண்ணியைப் பார்த்தால்...

தீக்குச்சியால் சுடுவது, மண்ணெண்ணெய் ஊற்றுவது, வாசலின் தடவுவது எதுவும் வேண்டாம். கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நேராக மெதுவாக இழுத்து எடுங்கள். பிறகு சோப்பு போட்டுக் கழுவுங்கள். பொதுவாக ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருந்தால்தான் கிருமி பரவும். அதனால் புல்வெளியில் விளையாடி வந்த குழந்தையைத் தினமும் குளிப்பாட்டும்போது தேடிப் பார்ப்பதே பெரிய பாதுகாப்பு. 36 மணி நேரத்துக்கு மேல் ஒட்டியிருந்தது என்று தோன்றினால், எடுத்த 72 மணி நேரத்துக்குள் டாக்டரைப் பாருங்கள். தேவைப்பட்டால் ஒரே ஒரு வேளை டாக்சிசைக்ளின் கொடுத்து நோயையே தடுத்துவிடலாம்.

நம்ம ஊர் நாய் உண்ணி வேறு ஜாதி, அது லைம் நோயைப் பரப்பாது. நோய் வந்த குழந்தையோடு மற்ற குழந்தைகள் விளையாடினாலும் ஒட்டாது. பேரனைப் பயமில்லாமல் மடியில் வைத்துக் கொஞ்சுங்கள். கொஞ்சும்போதே காதுக்குப் பின்னாலும் கழுத்திலும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்!