ஈட்டுத்தொகையுடன் வேலை நீக்கம்: மகிழ்வதா, அஞ்சுவதா?

 

பல்லாண்டு உழைத்த ஒருவரை நிர்வாகம் அழைத்து, இத்தனை இலட்சம் தருகிறோம், அடுத்த மாதம் முதல் வரவேண்டாம் என்று சொல்லிவிடுகிறது. அச்செய்தி வந்த வீட்டில் இரு குரல்கள் எழுகின்றன. "அல்ஹம்து லில்லாஹ், கடனெல்லாம் அடைந்துவிடும்" என்கிறது ஒன்று. "இனி மாதம் பிறந்தால் அரிசிக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் எங்கே போவது?" என்கிறது மற்றொன்று. பெரும்பாலும் முதற்குரல் உறவினருடையது. இரண்டாவது, அடுப்படியில் நின்று கணக்குப் பார்க்கும் இல்லத்தரசியுடையது.

நம் நாட்டில் இது அரிதான நிகழ்ச்சியன்று. 2000-01இல் பொதுத்துறை வங்கிகளிலிருந்து ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் விருப்ப ஓய்வில் வெளியேறினர். 2014இல் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை மூடப்பட்டபோது, இருபது வயதைச் சற்றே கடந்த இளைஞர்களும் பெண்களும் பணத்தைப் பெற்றுக்கொண்டு ஊர் திரும்பினர். 2019இல் பி.எஸ்.என்.எல். அறிவித்த திட்டத்தை ஏற்று 78,000க்கும் அதிகமானோர் 2020 ஜனவரி இறுதியில் ஒரே நாளில் ஓய்வு பெற்றனர். 2021இல் ஃபோர்டு நிறுவனம் வெளியேற முடிவு செய்தபின், மறைமலைநகரில் ஈட்டுத்தொகையின் அளவு குறித்துப் பல மாதம் பேச்சுவார்த்தை நடந்தது.

மனிதன் பதறும் இயல்புடனேயே படைக்கப்பட்டிருக்கிறான், தீங்கு தொட்டால் பதறுகிறான், நன்மை தொட்டால் தடுத்து வைத்துக் கொள்கிறான், தொழுகையாளிகள் நீங்கலாக என்ற கருத்தை அல்லாஹ் கூறுகிறான் (அல்குர்ஆன் 70:19-22). இங்கே தீங்கும் நன்மையும் ஒரே உறையில் வந்து சேர்கின்றன. வேலை போனதை மட்டும் பார்ப்பவர் நிலைகுலைகிறார். காசோலையை மட்டும் பார்ப்பவர், அது இனி வரப்போகும் மாதங்களின் சம்பளம் என்பதையே மறந்துவிடுகிறார்.

எனவே முதலில் கணக்கைப் பார்ப்போம். தொழிலாளி என்னும் சட்ட வரையறைக்குள் வருவோருக்கு, நிறைவு செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் ஈட்டுத்தொகை என்று 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம் வகுத்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்கு வந்துள்ள தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்திலும் அடிப்படை அளவு இதுவே. 12 ஆண்டு உழைத்தவருக்கு இது 180 நாள், அதாவது ஆறு மாதச் சம்பளம். பணிக்கொடையும் வருங்கால வைப்பு நிதியும் தனி. அவை ஏற்கெனவே அவர் உழைத்துச் சேர்த்தவை. மொத்தத் தொகையை மாதச் சம்பளத்தோடு ஒப்பிட்டால் மலையாகத் தெரியும். குடும்பத்தின் மாதச் செலவால் வகுத்துப் பார்த்தால் எத்தனை மாதம் தாங்கும் என்பது புலப்படும். அந்த எண்ணைக் கண்டபிறகே மகிழ்வதா அஞ்சுவதா என்று முடிவு செய்யட்டும். 57 வயதில், ஓய்வூதியமும் சொந்த வீடும் உள்ளவருக்கு இது பெரும்பாலும் வரவேற்கத்தக்கதே. 28 வயதுக்காரருக்கு ஒரு திருப்பம். 45 வயதில், வாடகை வீட்டில், படிக்கும் பிள்ளைகளுடன் இருப்பவர் அஞ்சினால் அதை ஈமானின் குறை என்று யாரும் ஏளனம் செய்ய வேண்டாம்.

விருப்ப ஓய்வு என்ற பெயரில் கட்டாயக் கையொப்பம் வாங்கும் பழக்கமும் உண்டு. ஒருவருக்கொருவர் மனமொப்பிய நிலையில் அமைவதே கொடுக்கல் வாங்கல் (4:29). எழுதிக் கொள்வதை வலியுறுத்தும் மார்க்கம் நம்முடையது (2:282). ஆகவே வாசிக்காமல் கையொப்பமிட வேண்டாம். தொழிற்சங்கத்தாரிடமோ வழக்கறிஞரிடமோ காட்டிவிட்டு இடுங்கள். அத்தொகை முதலாளியின் தர்மமன்று, உழைத்தவரின் உரிமை.

ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ். நிறுவனம் அது வந்த ஒரு வாசல் மட்டுமே. ஆனால் தவக்குல் என்பது வீட்டில் அமர்ந்திருப்பதன்று. பறவைகளைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் கூறியதாக உமர் (ரலி) அறிவிக்கும் செய்தி திர்மிதியில் உள்ளது. அவை காலையில் பசித்த வயிற்றோடு கூட்டைவிட்டுப் புறப்படுகின்றன. அதன்பிறகே மாலையில் நிறைந்த வயிற்றோடு திரும்புகின்றன.

கையில் வந்த பணத்தை எப்படிப் பிரிப்பது என்பதற்கு அபூதாவூதில் ஒரு நிகழ்ச்சி உண்டு. அதன் அறிவிப்பாளர் தொடரில் பலவீனம் இருப்பதாக ஹதீஸ் கலை அறிஞர்கள் சிலர் கூறியுள்ளனர். எனினும் அறிஞர்கள் பலரும் அதை எடுத்துக் கூறி வந்துள்ளனர். உதவி கேட்டு வந்த அன்சாரித் தோழரிடம் வீட்டில் இருந்தவை ஒரு விரிப்பும் ஒரு பாத்திரமுமே. நபி (ஸல்) அவர்கள் அவற்றை ஏலமிட்டு இரண்டு திர்ஹத்துக்கு விற்றார்கள். ஒரு திர்ஹம் குடும்பத்தின் உணவுக்கு; மற்றது கோடரி வாங்க. கோடரிக்குத் தம் கையாலேயே காம்பு பூட்டிக் கொடுத்து, விறகு வெட்டி விற்கச் சொன்னார்கள். பதினைந்து நாளில் அவர் பத்துத் திர்ஹத்துடன் வந்தார். பாதி அடுப்புக்கு, பாதி கருவிக்கு. இன்றைய கோடரி ஒரு தொழிற்பயிற்சியாக இருக்கலாம், ஒரு தையல் இயந்திரமாக இருக்கலாம், கற்றுத் தேர்ந்த தொழிலில் சிறு கடையாக இருக்கலாம்.

நம் வீடுகளில் நடப்பது என்ன? பணம் வந்த செய்தி பரவியதும் மச்சான் கடன் கேட்கிறார். பெண்ணுக்கு வரன் பார்த்த இடத்தில் கைக்கூலியின் அளவு உயர்கிறது. பாதிப் பணம் மண்டபத்திலும் பிரியாணியிலும் கரைகிறது. மீதியை மாத வட்டித் திட்டத்தில் போடுமாறு வங்கியில் சொல்கிறார்கள். வட்டிக்கு அஞ்சியவர் "ஹலால் முதலீடு" என்ற பலகையைத் தேடி ஓடுகிறார். 2019 ஜூனில் பெங்களூரு ஐ.எம்.ஏ. நிறுவனம் சரிந்தபோது வாசலில் நின்று அழுதவர்கள் நம் மக்கள்தாம். பல்லாயிரம் குடும்பங்களின் சேமிப்பு அதில் சிக்கியது. இலாபம் வரும்போதே நட்டத்திலும் பங்கு உண்டு என்பதே முளாரபா. மாதந்தோறும் குறையாத இலாபம் என்று எவர் உறுதி கூறினாலும், அவர் தாடி எவ்வளவு நீளமாயினும், எழுந்து வந்துவிடுங்கள்.

வேறொரு துயரமும் உண்டு. வேலை போனதை மனைவியிடமே மறைத்து, நாள்தோறும் சாப்பாட்டுப் பையுடன் புறப்பட்டுப் பூங்காவில் அமர்ந்திருக்கும் ஆண்கள் இருக்கின்றனர். கலந்தாலோசனையை இறைநம்பிக்கையாளரின் பண்பாகக் குர்ஆன் கூறுகிறது (42:38). முதல் ஆலோசனை வீட்டுக்குள்தான் நடக்க வேண்டும்.

ஜகாத்தைப் பற்றியும் பலர் கேட்கின்றனர். கடன் போக 595 கிராம் வெள்ளியின் மதிப்பை எட்டும் தொகை, ஒரு சந்திர ஆண்டு முழுவதும் கையிருப்பில் இருந்தால் நூற்றுக்கு இரண்டரை கடமையாகும். ஏற்கெனவே நிஸாப் உள்ளவர் ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றினால், புதிய தொகை பழைய பணத்தின் ஆண்டுடனேயே சேர்ந்துவிடும். ஷாஃபி மத்ஹபில், கைக்கு வந்த நாள்முதல் அதற்குத் தனி ஆண்டு தொடங்கும். எனவே காசோலை கணக்கில் ஏறிய பிறையையும் தேதியையும் அன்றே குறித்து வைத்துக்கொண்டு, உங்கள் பள்ளி இமாமிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.