கண்கட்டு வித்தை – 6: இமைக்காத அதிபர்

காபோன் அதிபரின் புத்தாண்டு உரையைப் பார்க்க உட்கார்ந்தபோது கையில் நோட்டும் பேனாவும் வைத்திருந்தேன். அவர் கண் இமைக்கும்போதெல்லாம் ஒரு கோடு கிழிப்பதாகத் திட்டம்.

இமையை எண்ணும் இந்த வைத்தியம் என் கண்டுபிடிப்பு அல்ல. போலி வீடியோ செய்யும் டீப்ஃபேக் மென்பொருளுக்கு ஒரு முகத்தைப் பழக்க அந்த ஆளின் படங்களை ஏராளமாக ஊட்ட வேண்டும் என்று போன வாரம் சொன்னேன் அல்லவா? அங்கேதான் ஓர் ஓட்டை இருந்தது. கண் மூடியபடி விழுந்த போட்டோவை யார் பத்திரப்படுத்துகிறார்கள்? கல்யாண ஆல்பத்துக்குப் படம் பொறுக்கும்போது முதலில் கழிப்பது அதைத்தானே? ஆக, மென்பொருள் பார்த்து வளர்ந்ததெல்லாம் விழித்த கண்கள். அது செய்த போலி மனிதர்களும் இமைக்காமல் பேசிக்கொண்டே போனார்கள். 2018-இல் அமெரிக்காவின் ஆல்பனி பல்கலைக்கழகத்தில் ஸிவெய் லியூவும் அவருடைய குழுவும் இதைப் பிடித்துவிட்டார்கள். சாதாரணமாக நாம் சில விநாடிகளுக்கு ஒருமுறை இமைப்போம். அப்படி இமைக்காதவர் போலியாக இருக்கலாம் என்று ஆய்வுக்கட்டுரை எழுதினார்கள். அது வெளியான கொஞ்ச நாளிலேயே போலிகளும் அழகாக இமைக்கப் பழகிக்கொண்டன. பூட்டில் எங்கே கோளாறு என்று திருடனுக்கும் சேர்த்தே சொல்லிக்கொடுத்த கதைதான்.

நான் கோடு கிழிக்க உட்கார்ந்தது அதே 2018-இன் கடைசி நாளில் வெளியான வீடியோவுக்காக.

காபோன், ஆப்பிரிக்காவின் அட்லாண்டிக் கரையில் உள்ள நாடு. எண்ணெய் வளம் உண்டு. ஜனத்தொகை அப்போது ஏறத்தாழ இருபது லட்சம். 1967-இல் நாற்காலியில் உட்கார்ந்த ஒமர் போங்கோ 2009-இல் சாகும்வரை எழுந்திருக்கவில்லை. அப்புறம் மகன் அலி போங்கோ. 2018 அக்டோபர் 24 அன்று மாநாடு ஒன்றுக்காகச் சவூதியின் ரியாத் நகருக்குப் போன இடத்தில் மகனுக்கு உடம்புக்கு முடியாமல் போனது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வெறும் களைப்பு என்றது அரண்மனை. களைத்தவர் நவம்பர் கடைசிவரை ரியாத்தை விட்டு நகரவில்லை. அங்கிருந்து மொராக்கோவின் ரபாத்துக்குக் கொண்டுபோனார்கள். மொராக்கோ மன்னரோடு அவர் இருக்கும் படக்காட்சி ஒன்று வந்தது, குரல் இல்லாமல். பக்கவாதம் என்று துணை அதிபர் சொன்னபோது டிசம்பர் பிறந்திருந்தது. அதற்குள் ஊரெல்லாம் பேச்சு மாறிவிட்டது: ஆள் செத்துப்போய்விட்டார், இனிமேல் காட்டப்போவது வேறொருவரை.

(இதில் காபோன் தனியாக இல்லை. அதே டிசம்பரில் போலந்துக்குப் போன நைஜீரிய அதிபர் முகமது புகாரி, தான் சூடானிலிருந்து கொண்டுவரப்பட்ட நகல் அல்ல, உண்மையான புகாரிதான் என்று தன் நாட்டு மக்களிடமே சொல்ல வேண்டியிருந்தது.)

இந்த நிலையில்தான் டிசம்பர் 31 இரவு புத்தாண்டு உரை வந்தது. இரண்டு நிமிடச் சொச்சம், பிரெஞ்சு மொழியில். பார்த்தவர்களுக்கு நிம்மதி வரவில்லை. முகம் இறுகிக் கிடக்கிறது. கண் அதிகம் இமைக்கவில்லை. உதடும் குரலும் ஏதோ ஒட்டாததுபோல இருக்கிறது. டீப்ஃபேக் என்ற சொல் பிறந்து அப்போது ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அது காபோனிலும் வந்து இறங்கியது. எதிர்க்கட்சி அரசியல்வாதி புருனோ பென் முபாம்பா இது போலி வீடியோ என்றே அடித்துச் சொன்னார்.

நான் ஏழாவது கோடு கிழித்துக்கொண்டிருந்தபோது பெரியம்மா பின்னால் வந்து நின்றார். எண்பது வயது. பிரெஞ்சு தெரியாது, காபோன் எங்கே இருக்கிறது என்றும் தெரியாது. கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏண்டா, இந்த மனுஷனுக்கு வாதம்தானே அடிச்சிருக்கு?"

"எப்படி பெரியம்மா சொல்றீங்க?"

"வலது கை அசையவே இல்லை பாரு. பேச்சும் குழறுது. உங்க பெரியப்பா கடைசி மூணு வருஷம் இப்படித்தான் கண்ணைக் கொட்டாம உட்கார்ந்திருந்தார்." சொல்லிவிட்டு அடுப்பில் பால் வைத்த ஞாபகம் வந்து உள்ளே போய்விட்டார்.

நோட்டை மூடினேன். தடயவியல் வல்லுநர்கள் பின்னர் ஆராய்ந்தபோதும் அந்த வீடியோவில் யாரும் கைவைத்ததற்கு அடையாளம் கிடைக்கவில்லை. குழறல், அசையாத கை, இறுகிய முகம் எல்லாமே நோய் எழுதிய கையெழுத்து. அது போலியின் கையெழுத்தாகத் தெரிந்ததற்குக் காரணம் வீடியோவில் இல்லை, அதற்கு முந்தைய இரண்டு மாதத்தில் இருக்கிறது. முதல் வாரமே அரண்மனை வாதம் என்று சொல்லியிருந்தால், இதே முகத்தைப் பார்த்து அந்த நாட்டுப் பெரியம்மாக்கள் 'அடப்பாவமே' என்றிருப்பார்கள்.

2019 ஜனவரி 7 விடியற்காலை, தலைநகர் லிப்ரவில்லில் சில சிப்பாய்கள் அரசு வானொலி நிலையத்தைக் கைப்பற்றினார்கள். 'டீப்ஃபேக் மூட்டிய ராணுவப் புரட்சி' என்று இதைப் பல பேர் எழுதுகிறார்கள். படிக்கச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்று ஒலிவாங்கியின் முன் பேசிய லெப்டினன்ட் கெல்லி ஒண்டோ ஒபியாங் வீடியோ போலி என்று சொல்லவில்லை. அந்த உரையைப் பார்த்தபின் அதிபரால் இனி ஆள முடியுமா என்ற சந்தேகம் வலுத்துவிட்டது என்றுதான் சொன்னார். பெரியம்மா பார்த்ததைத்தான் அவரும் பார்த்திருக்கிறார். சில மணி நேரத்தில் கலகத்தை அடக்கினார்கள். இரண்டு பேர் உயிர் போனது.

மூன்று வருஷம் கழித்து இதற்கு நேரெதிராக ஒன்று நடந்தது. 2022 மார்ச் 16 அன்று உக்ரைனின் டிவி சேனல் ஒன்றுக்குள் ஊடுருவி, சரணடையச் சொல்லி அதிபர் ஸெலென்ஸ்கி தன் படைகளிடம் பேசுவதுபோல ஒரு வீடியோவைப் பரப்பினார்கள். அது அசல் டீப்ஃபேக். உடம்புக்குப் பொருந்தாத தலை, அவருடையதாக இல்லாத குரல். வேலை மட்டம்தான், ஆனாலும் போர் நடக்கும் ஊரில் மட்டமான பொய்யும் ஆளைக் கொல்லும். கொல்லவில்லை. இப்படி ஒன்று வரக்கூடும் என்று அந்த நாட்டு அரசு மார்ச் தொடக்கத்திலேயே மக்களை எச்சரித்திருந்தது. அவரும் போர் தொடங்கிய நாள் முதல் தினமும் தன் போனில் பேசிப் போட்டுக்கொண்டிருந்தார். அன்றும் உடனே ஒரு வீடியோ போட்டு, ஆயுதத்தைக் கீழே போட வேண்டியவர்கள் ரஷ்யச் சிப்பாய்கள்தான் என்றார். அத்தோடு பேச்சு அடங்கியது. அங்கே யாரும் இமையை எண்ணிக்கொண்டு உட்காரவில்லை. தினம் கேட்டுப் பழகிய குரல் எது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அலி போங்கோ 2019 ஆகஸ்டில் சுதந்திர தின விழாவில் மக்கள் முன் வந்து நின்றார். மேலும் நாலு வருஷம் ஆண்டார். 2023 ஆகஸ்ட் 30 அன்று, தேர்தலில் அவர் ஜெயித்ததாக அறிவித்த கையோடு ராணுவம் ஆட்சியைப் பிடித்து அவரை வீட்டுக்காவலில் வைத்தது. அங்கிருந்து ஒரு வீடியோ வெளியே கசிந்தது. நாற்காலியில் உட்கார்ந்தபடி, இந்த முறை ஆங்கிலத்தில், உலகெங்கும் உள்ள நண்பர்களே, சத்தம் போடுங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்த வார்த்தைகளை மட்டும் வெட்டியெடுத்து, தாளம் சேர்த்து, டிக்டாக்கில் ஆட ஆரம்பித்தார்கள் ஜனங்கள்.

அதையும் பெரியம்மாவிடம் காட்டினேன். பாட்டு சேர்க்காததைத்தான்.

"பேச்சு தேறியிருக்கு" என்றார்.

(தொடரும்)