மொட்டை மாடி ஏறாமல் ஓர் அப்டேட்

கம்ப்யூட்டரில் "அப்டேட் தயாராக உள்ளது" என்ற செய்தி வந்தால் நம்மில் பலர் அதை எரிச்சலுடன் மூடிவிடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். கேபிள் இல்லாமல் அப்டேட் செய்ய வழியே இல்லாத ஒரு சின்ன போர்டை மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியில் பொருத்திவிட்டு, லேப்டாப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இரும்பு ஏணியில் நான்கு முறை ஏறி இறங்கிய பிறகுதான் அப்டேட்டின் அருமை புரிந்தது.

அந்தப் போர்டில் இருப்பது இஎஸ்பி32 என்னும் சிப். சீனாவின் ஷாங்காய் நகரில் உள்ள எஸ்பிரசிப் நிறுவனம் 2016ல் வெளியிட்டது. ப்ராசசர், வை-பி ஆகியவற்றுடன் பெரும்பாலும் 4 மெகா பைட் பிளாஷ் மெமரியும் இந்தச் சிறிய போர்டில் அடங்கிவிடுகின்றன. மானிட்டர், கீ போர்டு எதுவும் கிடையாது. கம்ப்யூட்டரில் அர்டுயினோ என்ற இலவச சாப்ட்வேர் மூலம் புரோகிராம் எழுதி, யு.எஸ்.பி. கேபிள் வழியாக இதில் ஏற்றிவிட வேண்டும். பிறகு மின்சாரம் உள்ளவரை அதையே இயக்கிக் கொண்டிருக்கும். இப்படி ஒரு கருவிக்குள் நிலையாகக் குடியிருக்கும் புரோகிராமைத்தான் பர்ம்வேர் என்கிறோம். உங்கள் வீட்டு மோடத்திலும் டிவியிலும் இருப்பது இதுவே.

என் போர்டுக்கு ஒரே வேலை. தொட்டியின் மூடியில் உள்ள சென்சார், ஒலி அலையை அனுப்பி, தண்ணீர் எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளக்கும். தொட்டி நிறைந்தால் போர்டு என் செல்போனுக்குச் சொல்ல வேண்டும். ஆனால் நான் வாங்கிய வகை சென்சாரால் ஏறக்குறைய 20 செ.மீ.க்கும் குறைவான தூரத்தை அளக்க முடியாது. தொட்டி நிரம்பும் நேரத்தில் கன்னாபின்னா என்று எண்களைக் கொடுத்தது. தண்ணீர் வழிந்து பக்கத்து வீட்டுச் சுவரில் இறங்கியது. தவறான அளவுகளை ஒதுக்கும்படி புரோகிராமைத் திருத்தினேன், ஏறினேன். மறுபடி திருத்தினேன், மறுபடி ஏறினேன்.

இதற்குத் தீர்வுதான் ஓ.டி.ஏ. "ஓவர் தி ஏர்", அதாவது கேபிள் இல்லாமல் வை-பி வழியாகவே புதிய பர்ம்வேரை ஏற்றுவது. ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம் தன்னையே எப்படி மாற்றிக்கொள்ளும் என்ற சந்தேகம் வருகிறதா? மாற்றிக்கொள்வதில்லை. பிளாஷ் மெமரி பாகம் பாகமாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அர்டுயினோவின் வழக்கமான பிரிப்பில் புரோகிராமுக்கென்று ஒவ்வொன்றும் 1.25 மெகா பைட் அளவில் இரண்டு அறைகள் உண்டு. முதல் அறையில் உள்ள பழைய புரோகிராம் ஓடிக்கொண்டே புதியதை வாங்கி இரண்டாவது அறையில் எழுதும். முழுவதும் சரியாக வந்து சேர்ந்த பிறகே "அடுத்த முறை இரண்டாவது அறையிலிருந்து தொடங்கு" என்று ஒரு சிறிய பகுதியில் குறித்துவைத்து, ரீஸ்டார்ட் ஆகும். பாதியில் கரண்ட் போனாலும் கவலை இல்லை, பழையது அப்படியே இருக்கும். ஆண்ட்ராய்டு போன்களிலும் 2016ல் வந்த 7.0 பதிப்பிலிருந்து இதே இரட்டை அறை முறைக்கு வழி செய்யப்பட்டது.

செய்முறை கடினமல்ல. அர்டுயினோவின் எக்சாம்பிள்ஸ் மெனுவில் அர்டுயினோ ஓ.டி.ஏ. என்ற தலைப்பில் பேசிக் ஓ.டி.ஏ. என்ற மாதிரி புரோகிராம் இருக்கிறது. அதில் உங்கள் வை-பி பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்து, முதல் முறை மட்டும் கேபிள் மூலம் ஏற்றுங்கள். பிறகு போர்டும் கம்ப்யூட்டரும் ஒரே வை-பியில் இருந்தால், டூல்ஸ் மெனுவின் போர்ட் பட்டியலில் உங்கள் போர்டும் தெரியும். ஓ.டி.ஏ.வுக்கென்று தனி பாஸ்வேர்டு ஒன்றையும் மறக்காமல் அமைத்துவிடுங்கள். இல்லையேல் உங்கள் வை-பியில் நுழைந்த எவரும் அந்தப் போர்டில் எதை வேண்டுமானாலும் எழுதலாம்.

எனக்கு முதலில் ஏற்பட்ட சிக்கல் டிலே கட்டளையால் வந்தது. நிமிடத்திற்கு ஒரு முறை அளந்தால் போதும் என்று 60 விநாடி டிலே கொடுத்திருந்தேன். அந்த 60 விநாடியும் புரோகிராம் தூங்கும். அப்டேட் வந்து கதவைத் தட்டினாலும் திறக்காது. "ஹேண்டில்" என்ற ஓ.டி.ஏ. வரி ஓயாமல் அழைக்கப்பட்டுக் கொண்டே இருக்க வேண்டும். டிலேயை நீக்கிவிட்டு, மில்லிஸ் பங்ஷன் மூலம் நேரம் பார்த்துக்கொள்ளும்படி மாற்றினேன். அதன் பிறகு சரியாக வேலை செய்தது.

அடுத்த தவறு பெரியது. ஒரு நாள் புதிய புரோகிராமை அவசரமாக எழுதி வை-பி மூலமே அனுப்பினேன். நூறு சதவீதம் என்று காட்டி முடிந்தது. அவ்வளவுதான், போர்ட் பட்டியலில் போர்டைக் காணவில்லை! வை-பி பாஸ்வேர்டில் ஓர் எழுத்தைத் தவறாக அடித்திருக்கிறேன். நல்ல நிலையில் இருந்த பழைய புரோகிராம் பக்கத்து அறையிலேயே இருந்தும், அதை எழுப்ப வழியில்லை. ஐந்தாம் முறையாக ஏணி.

அனுபவமுள்ளவர்களுக்கும் இது நடந்திருக்கிறது. 2017 ஆகஸ்டில் அமெரிக்காவின் லாக்ஸ்டேட் நிறுவனம், ஒரு மாடலுக்கான பர்ம்வேரை வேறு மாடல் பூட்டுகளுக்கு அனுப்பிவிட்டது. சுமார் 500 ஸ்மார்ட் பூட்டுகள் இண்டர்நெட் தொடர்பை இழந்தன. தொடர்பே போய்விட்டதால் தூரத்திலிருந்து சரிசெய்யவும் முடியவில்லை. பூட்டின் பாகத்தைக் கழற்றி அனுப்புங்கள் அல்லது மாற்றிக்கொள்ளுங்கள் என்று வாடிக்கையாளர்களிடம் சொல்ல வேண்டியதாயிற்று.

இதற்கு இஎஸ்பி32ல் ரோல்பேக் என்ற வசதி உண்டு. புதிய புரோகிராம் தொடங்கியதும் "நான் நலம்" என்று ஒப்புதல் தர வேண்டும். தராமல் ரீஸ்டார்ட் ஆனால் போர்டு பழைய அறைக்கே திரும்பிவிடும். ஆனால் அர்டுயினோவில் இந்த ஒப்புதல் தொடக்கத்திலேயே தானாகக் கொடுக்கப்பட்டுவிடுகிறது. என் போர்டும் வை-பி கிடைக்காத நிலையில் "நலம்" என்றே சொல்லியிருக்கிறது! "வெரிபை ரோல்பேக் லேட்டர்" என்ற பங்ஷனை நாமே எழுதி இதனைத் தள்ளிப்போடலாம். வை-பி இணைந்து, ஓ.டி.ஏ.வும் தயாரான பிறகே ஒப்புதல். ஐந்து நிமிடத்தில் அது நடக்காவிட்டால் பழையதற்குத் திரும்பு என்று எழுதினேன். அடுத்த அப்டேட்டை வாங்க முடியாத புரோகிராம் மற்ற எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் எனக்கு அது தோல்விதான்.

இந்த முறை மேஜையிலேயே சோதித்தேன். வேண்டுமென்றே தவறான பாஸ்வேர்டுடன் ஒரு புரோகிராமை அனுப்பினேன். போர்டு காணாமல் போனது. கடிகாரத்தைப் பார்த்தபடி காத்திருந்தேன். ஐந்து நிமிடம் கழித்து பட்டியலில் அதே பெயர், பழைய பதிப்பு எண்ணுடன். அதற்குப் பிறகே தொட்டியில் பொருத்தினேன்.

பழைய இஎஸ்பி8266 போர்டு வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவும். அதிலும் ஓ.டி.ஏ. உண்டு. ஆனால் புதியது வந்ததும் பழையதன் மேலேயே எழுதப்பட்டுவிடும்; திரும்பிப் போக அறை கிடையாது. அந்தப் போர்டைக் கை எட்டும் இடத்தில் பொருத்துங்கள்.